மெதுவானதா, மெதுவாக்கினார்களா? ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் திறனாய்தல்



திறனாய்வு என்றதும் நமக்குக் கவிதை, சிறுகதை, நாவல் இவைதாம் நினைவுக்கு வரும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு வகைப் பனுவல். ஒரு கைப்பேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் அது. "இதுல போய் என்ன டீச்சர் திறனாய்வு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். கடைசிவரை படித்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

நம் வாழ்க்கையில் நாம் வாசிக்கும் கவிதைகளைவிட, நம் பணத்தைத் தொடும் கடிதங்களும் அறிவிப்புகளும் அதிகம். அவற்றை வாசிக்கத் தெரியாவிட்டால் மதிப்பெண் போகாது, கையிலிருக்கும் ரிங்கிட் போய்விடும்.

ஒரு துண்டுச் சீட்டு

முதலில் என் சொந்தக் கதை ஒன்று. 2021ஆம் ஆண்டு, நாம் எல்லாரும் வீட்டிலிருந்தபடி இயங்கலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். என் மடிக்கணினியில் நான்கு விசைகள் வேலை செய்யாமல் போயின. உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு வாரம் கழித்துக் கணினியும் அதோடு ஒரு சீட்டும் திரும்பி வந்தன. சீட்டில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி: 'சாதனம் பழுதுநீக்கத் தகுதியற்றது எனக் கண்டறியப்பட்டது.' கீழே பரிசோதனைக் கட்டணம் 60 ரிங்கிட்.

அந்தச் சீட்டை அடுத்த நாள் என் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் திரையில் காட்டினேன். "சரி, இந்த வாக்கியத்தில் கண்டறிந்தது யார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "யாருமே இல்ல டீச்சர்."

ரொம்பச் சரியான விடை. வாக்கியத்தில் ஆளே இல்லை. முடிவு இருக்கிறது, முடிவெடுத்தவர் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். அப்படித் தேடியபோது மறுபடியும் எடுத்துப் படித்ததுதான் 2017 டிசம்பர் 28ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கடிதம். உலகம் முழுக்கப் பேசப்பட்ட கடிதம் என்பதால் வகுப்பில் தயங்காமல் எடுத்துப் பேசலாம். கடிதம் ஆங்கிலத்தில் உள்ளது. அதன் கருத்துகளை என் தமிழில் சொல்கிறேன். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு அன்று.

என்ன நடந்தது?

கடிதத்துக்குள் போகும் முன் பின்னணி தெரிய வேண்டும்.

கைப்பேசியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதாவது நாம் பேட்டரி என்று சொல்வது. அது பழையதாக ஆக, அதன் உள் தடை கூடும். கனமான செயலி ஒன்றைத் திறக்கும்போது கைப்பேசி சட்டென்று அதிக மின்சாரம் கேட்கும். பழைய மின்கலத்தால் அதைக் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் விழும், கைப்பேசி பட்டென்று அணைந்துவிடும். 2016இல் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு இது நடந்தது. 30 விழுக்காடு, 40 விழுக்காடு மின்சாரம் காட்டும்போதே போன் செத்துப்போகும்.

2017 ஜனவரியில் ஐ.ஓ.எஸ். 10.2.1 என்ற மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. கைப்பேசி அணைவது குறைந்தது. எப்படிக் குறைந்தது? மின்கலம் பலவீனமாக இருந்தால், செயலகத்தின் உச்ச வேகத்தை மென்பொருளே குறைத்துவிடும். குறைவான வேகம், குறைவான மின்சாரம், ஆகவே அணையாது. பொறியியல்படி பார்த்தால் மோசமான யோசனை இல்லை. ஆனால் 'உங்கள் போனின் வேகம் குறைக்கப்படும்; புது மின்கலம் போட்டால் பழைய வேகம் வந்துவிடும்' என்ற செய்தி, போனைக் கையில் வைத்திருந்தவருக்கு நேராகச் சொல்லப்படவில்லை. அதே டிசம்பரில் ஐ.ஓ.எஸ். 11.2 வழியாக ஐபோன் 7க்கும் இது போய்ச் சேர்ந்தது.

2017 டிசம்பர் 18இல், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், வெவ்வேறு மென்பொருள் பதிப்புகளில் ஓடிய கைப்பேசிகளின் வேக அளவுகளை ஒப்பிட்டு வரைபடமாக வெளியிட்டார். புதுப்பிப்புக்குப் பிறகு வேகம் விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கடுத்த வாரம் கடிதம் வந்தது.

இதற்கிடையில் எத்தனை பேர் 'போன் பழசாயிடுச்சு, வேற வாங்கணும்' என்று கடைக்குப் போயிருப்பார்கள்? எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அப்போது மின்கலம் மாற்ற அமெரிக்க விலை 79 டாலர். புது போன் அதைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசம்தான் இந்தக் கடிதத்தின் பின்னால் நிற்கும் கேள்வி.

மூன்று வாக்கியங்கள்

கடிதத்தைப் படிக்கும் முன் கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதுங்கள்.

1. போன் மெதுவானது.
2. போன் மெதுவாக்கப்பட்டது.
3. நாங்கள் போனை மெதுவாக்கினோம்.

முதலாவது தன்வினை. ஏதோ தானாக நடந்த மாதிரி இருக்கிறது, மழை பெய்தது என்பது போல. இரண்டாவது செயப்பாட்டுவினை. யாரோ செய்தார்கள் என்று தெரிகிறது. யார் என்று சொல்லவில்லை. மூன்றாவது பிறவினை, செய்வினையும்கூட. எழுவாய் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது.

ஆகு, ஆக்கு. ஒரு க் தான் வித்தியாசம். அந்த ஒற்றெழுத்துக்குள் ஒரு மனிதர் நிற்கிறார். கடிதம் இந்த மூன்றில் எந்த வாக்கியத்தைச் சொல்கிறது என்பதுதான் நம் திறனாய்வுக் கேள்வி.

கடிதத்துக்குள் போவோம்

கடிதத்தின் தொடக்கத்திலேயே மன்னிப்பு வந்துவிடுகிறது. அதற்காகப் பாராட்டலாம். சுற்றி வளைக்காமல் இரண்டே சொல்லில் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முந்திய வாக்கியத்தைப் பாருங்கள். நிறுவனம் தங்களைக் கைவிட்டுவிட்டதாக உங்களில் சிலர் உணர்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்ற பொருளில் அது இருக்கிறது. அடுத்த வரி மன்னிப்பு. அப்படியானால் மன்னிப்பு எதற்கு? கைவிட்டதற்கா, கைவிட்டதாக நீங்கள் உணர்ந்ததற்கா?

ஒரு மாணவன் இன்னொருவனின் நோட்டைக் கிழித்துவிட்டு, "நான் கிழிச்சதா நீ ஃபீல் பண்றே, அதுக்கு சாரி" என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா? "கிழிச்சதுக்கு சாரி சொல்லுப்பா" என்போம் இல்லையா? மன்னிப்பு என்றால் செயல் மீது இருக்க வேண்டும். இங்கே அது அடுத்தவர் மனநிலை மீது உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, இந்த விஷயத்தில் நிறையத் தவறான புரிதல் இருக்கிறது என்கிறது கடிதம். தவறாகப் புரிந்துகொண்டது யார்? வாசகர்தான். சொல்லாமல் விட்டது நிறுவனம், தவறாகப் புரிந்துகொண்டது வாசகர். ஒரே சொல்லில் பாரம் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போய்விட்டது.

இப்போது வினைச்சொற்களுக்கு வருவோம். மென்பொருள் புதுப்பிப்பை வழங்கியது யார் என்று கேட்டால், 'நாங்கள்'. எழுவாய் தெளிவாக நிற்கிறது. மின்சாரத்தைக் கையாளும் முறையைச் சிறப்பாக்கி, போன் அணையாமல் தடுத்தது எது? அவர்கள் வழங்கிய அந்தப் புதுப்பிப்புத்தான். நல்ல செயல் என்றால் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். வேகம் குறைந்த இடத்தில்? அங்கே இயங்குதளம் சில பாகங்களின் உச்சச் செயல்திறனை நிர்வகிக்கிறது என்று வருகிறது. பிறகு, சில வேளைகளில் பயனர்கள் செயலிகள் திறக்கக் கூடுதல் நேரம் ஆவதை அனுபவிக்கக்கூடும் என்று வருகிறது. எழுவாய் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். முதலில் 'நாங்கள்', பிறகு 'மென்பொருள்', கடைசியில் 'பயனர்கள்'. கொடுத்தது அவர்கள், செய்தது மென்பொருள், அனுபவித்தது நாம்.

'குறைக்கிறது' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'நிர்வகிக்கிறது' என்ற பொருள் தரும் சொல் இருக்கிறது. நிர்வகிப்பது என்றால் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். இங்கே நடந்தது குறைத்தல் மட்டும்தான்.

எனக்கு ரொம்ப வியப்பாக இருந்தது இன்னொரு பகுதி. மெதுவாகிவிட்டது என்று புகார்கள் வந்தபோது, புது மென்பொருள் போட்டால் வழக்கமாக வரும் தற்காலிகத் தடங்கலும் சின்னச் சின்னப் பிழைகளும்தான் காரணம் என்று தாங்கள் முதலில் நினைத்ததாகவும், இப்போது மின்கல மூப்பும் இன்னொரு காரணம் என்று நம்புவதாகவும் எழுதுகிறார்கள். யோசியுங்கள். மின்கலம் பழையதானால் வேகத்தைக் குறை என்று நிரல் எழுதியதே அவர்கள்தான். தான் பூட்டிய கதவைப் பார்த்து, 'இது பூட்டியிருக்கக்கூடும் என நம்புகிறேன்' என்று வீட்டுக்காரரே சொல்வது போல இருக்கிறது.

கடிதம் சொல்லாமல் விட்டது

நல்ல திறனாய்வு, பனுவல் சொன்னதை மட்டும் பார்க்காது. சொல்லாமல் விட்டதையும் பார்க்கும்.

கடிதத்தில் ஒரு பகுதி முழுக்க மின்கலத்தின் மூப்பு பற்றியது. வேதியியல்படி எல்லா மின்கலங்களும் மூப்படையும், வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் மூப்படையும் என்றெல்லாம் விளக்குகிறது. அத்தனையும் உண்மை. நம் ஊர் வெயிலில் காருக்குள் போனை விட்டுப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

ஆனால் மூப்பு என்ற சொல் இயற்கையின் பக்கம் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. வயசாவது யார் குற்றமும் இல்லையே! கேட்க வேண்டிய கேள்வி வேறு. வயசாகும் என்று தெரிந்த ஒரு பொருளை, பயன்படுத்துபவர் கைக்கு எட்டாதபடி உள்ளே ஒட்டி வைத்தது யார்?

நம்மில் பலர் நோக்கியா 3310 வைத்திருந்தவர்கள். பின்மூடியைக் கட்டை விரலால் தள்ளி, மின்கலத்தை எடுத்து, புதியதைப் போட்டோம். ஒரு நிமிட வேலை. ஐபோன் 2007இல் வந்தபோதே அதன் மின்கலம் உள்ளே மூடப்பட்டிருந்தது. ஐபோன் 4 காலத்தில், சாதாரண திருப்புளியால் திறக்க முடியாத ஐந்து இதழ் வடிவத் திருகாணிகளும் வந்து சேர்ந்தன. இவற்றுக்கு நிறுவனத்தரப்பில் காரணங்கள் இருக்கலாம்: மெல்லிய உடல், தண்ணீர் புகாமை, பாதுகாப்பு. அவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் கடிதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மின்கலம் மூப்படைவதை விளக்க இடம் இருக்கிறது. அது ஏன் நம்மால் மாற்ற முடியாத பாகமாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரி இல்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது திறனாய்வு ஆகாது, வசை ஆகிவிடும். கடிதம் இரண்டு உறுதிமொழிகளைத் தந்தது. இரண்டும் நிறைவேறின. மின்கலம் மாற்றும் விலை 2018 முழுவதும் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்தது. அது உலகம் முழுவதற்குமான சலுகை. 2018 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 11.3இல் மின்கலத்தின் நலத்தைப் பயனரே பார்க்கும் வசதியும், வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியும் வந்தன. இன்று உங்கள் ஐபோனில் 'மின்கல நலம்' எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறீர்களே, அது இந்தச் சண்டையில் கிடைத்தது. கேள்வி கேட்டவர்கள் வாங்கிக் கொடுத்தது என்றும் சொல்லலாம்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2020 பிப்ரவரியில் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. காரணத்தைக் கவனியுங்கள். புதுப்பிப்பு போட்டால் போன் மெதுவாகக்கூடும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். சொல்லாமை! நாம் மேலே பேசிய மௌனத்துக்கே ஒரு விலை குறிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதே ஆண்டு மார்ச்சில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 500 மில்லியன் டாலர் வரை வழங்கி வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் உடன்பட்டது.

இரண்டாம் கடிதம்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

முதல் கடிதத்தில் ஓர் உறுதியான மறுப்பு இருக்கிறது. புதிய போன் வாங்க வைப்பதற்காக எந்தப் பொருளின் ஆயுளையும் நாங்கள் வேண்டுமென்றே குறைத்ததில்லை, குறைக்கவும் மாட்டோம் என்ற பொருளில். நம்பலாமா, வேண்டாமா? இந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது.

ஓராண்டு கழிந்தது. 2019 ஜனவரி 2ஆம் நாள், தலைமை நிர்வாகி டிம் குக் இன்னொரு கடிதம் எழுதினார். இந்த முறை வாடிக்கையாளர்களுக்கு அல்ல, முதலீட்டாளர்களுக்கு. அந்தக் காலாண்டு வருமானம் எதிர்பார்த்த 89 முதல் 93 பில்லியன் டாலருக்குப் பதிலாக ஏறக்குறைய 84 பில்லியன்தான் வரும் என்று தெரிவித்தார். சீனாவின் பொருளாதாரத் தளர்ச்சி முக்கியக் காரணம். சில நாடுகளில் மக்கள் எதிர்பார்த்த அளவு புது ஐபோனுக்கு மாறவில்லை என்பதையும் சொன்னார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று: மலிவான விலையில் மின்கலம் மாற்றிக்கொள்ளும் சலுகையை வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்கலம் மலிவாகவும் வெளிப்படையாகவும் கிடைத்தபோது மக்கள் பழைய போனையே வைத்துக்கொண்டார்கள். புது போன் விற்பனை அதனால் பாதிக்கப்பட்டது. இதை நாம் சொல்லவில்லை, நிறுவனத் தலைவரே சொல்கிறார்.

மாணவர்களே, இங்கே அவசரப்பட்டு "அப்போ முதல் கடிதம் பொய்!" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாம் கடிதம் நிறுவனத்தின் *நோக்கத்தை* நிரூபிக்கவில்லை. அது *பலனைக்* காட்டுகிறது. பழுதுபார்ப்பு கடினமாக, விலை அதிகமாக, தகவல் இல்லாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்பதைக் காட்டுகிறது. நோக்கம் வேறு, பலன் வேறு. இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்த மாணவர், தேர்வில் மட்டுமல்ல, எங்கே போனாலும் தப்பித்துக்கொள்வார்.

அதோடு, யாருக்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து எழுவாய் எப்படி மாறுகிறது பாருங்கள். நம்மிடம் பேசும்போது மின்கலம் மூப்படைகிறது, மென்பொருள் நிர்வகிக்கிறது, பயனர் உணர்கிறார். முதலீட்டாளரிடம் பேசும்போது வாடிக்கையாளர் செய்கிறார், அதனால் வருமானம் குறைகிறது. காரண காரியம் நேராக வந்து நிற்கிறது. பணம் போட்டவரிடம் இலக்கணம் தெளிவாகிவிடுகிறது. போன் வாங்கியவரும் பணம் போட்டவர்தானே?

வாக்கியமே இல்லாத செய்தி

இதற்கும் முன்னால் இன்னொன்று நடந்தது. ஐபோனின் முகப்புப் பொத்தான் உடைந்தால் பலர் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொண்டார்கள். போன் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மென்பொருளைப் புதுப்பித்தபோது திரையில் ஓர் அறிவிப்பு: 'பிழை 53'. போன் செங்கல்லாகிவிட்டது. விரல்ரேகைப் பாதுகாப்புக்காக வைத்த சோதனை அது என்று நிறுவனம் விளக்கியது. எதிர்ப்பு கிளம்பவே, 2016 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு அதைச் சரிசெய்யும் மென்பொருளை வெளியிட்டது.

ஆஸ்திரேலியாவில் அது நீதிமன்றம் வரை போனது. வெளிக்கடையில் பழுதுபார்த்ததால் உங்களுக்குத் தீர்வு கிடையாது என்று குறைந்தது 275 வாடிக்கையாளர்களிடம் சொன்னது தவறு என முடிவாகி, 2018 ஜூனில் 9 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கே எழுவாயை மறைத்த வாக்கியம்கூட இல்லை. ஓர் எண் மட்டும். எண்ணிடம் போய் 'ஏன்?' என்று கேட்க முடியாது அல்லவா?

நிலைமை மெல்ல மாறி வருகிறது. பயனரே பாகம் வாங்கிப் பழுதுபார்க்கும் திட்டத்தை ஆப்பிள் 2021 நவம்பரில் அறிவித்தது. ஒரு பாகத்தை மென்பொருளால் குறிப்பிட்ட போனோடு பூட்டி வைத்துப் பழுதுபார்ப்பைத் தடுக்கும் வழக்கத்துக்கு எதிராக, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டு பழுதுபார்க்கும் உரிமை பற்றிய நெறிமுறை ஒன்றை ஏற்றது.

நம் நாட்டில்?

நம்மிடமும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 37ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. பொருளுக்கு வேண்டிய பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளர் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சந்தோஷம்தான். ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. 'அந்த வசதி கிடைக்காது' என்று வாங்கும்போதோ அதற்கு முன்போ வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டால், அந்தப் பொறுப்பு பொருந்தாது.

இப்போது நம் வாசிப்புப் பயிற்சியை இங்கே பயன்படுத்துங்கள். 'நியாயமான' என்றால் எத்தனை ஆண்டு? யார் தீர்மானிப்பது? 'தெரிவித்தல்' என்றால் பெட்டிக்குள் இருக்கும் சின்ன எழுத்துத் தாள் போதுமா? இவை சட்டக் கேள்விகள்தாம். ஆனால் சொற்பொருள் கேள்விகளாகத்தான் தொடங்குகின்றன. பேசித் தீராத வழக்குகளுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். ஆனால் அங்கே போனால் உங்கள் கதையை எழுவாயோடு சொல்லத் தெரிய வேண்டும்.

என் மடிக்கணினிக்கு வருகிறேன். அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, எங்கள் பட்டணத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், ரிப்பேர் பண்ண முடியாதுன்னு இல்ல. கீபோர்ட மட்டும் தனியா விக்க மாட்டாங்க. மேல் மூடியோட சேத்துதான் குடுப்பாங்க. எங்க மாதிரி கடைக்கு அதுவும் குடுக்க மாட்டாங்க" என்றார்.

கவனியுங்கள். அவர் 'அவர்கள்' என்ற சொல்லையே சொல்லவில்லை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். ஆனாலும் 'குடுக்க மாட்டாங்க' என்ற வினைமுற்றின் விகுதியில் ஆட்கள் நிற்கிறார்கள். 'கண்டறியப்பட்டது' என்பதில் அது போல ஒருவரும் இல்லை. 'து' என்ற விகுதி காட்டுவது ஆளை அல்ல. சேவை மையம் எழுதித் தந்த வாக்கியத்தைவிட, கடைக்காரர் வாய்மொழியில் சொன்ன வாக்கியத்தில் உண்மை கூடுதல்.

அதே மாதிரியில் செத்துப்போன ஒரு கணினியின் மேல் மூடியைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தார். 180 ரிங்கிட் ஆனது. இன்னும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். மின்கலம் இரண்டு மணி நேரம்தான் தாங்குகிறது. பரவாயில்லை.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்களுக்கு: மாணவர்கள் வீட்டிலிருக்கும் உத்தரவாத அட்டை, பழுதுநீக்கச் சீட்டு, நிறுவன அறிவிப்பு ஏதாவது ஒன்றைக் கொண்டுவரட்டும். பெயர், முகவரி, வரிசை எண்களை மறைத்துவிடச் சொல்லுங்கள். வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு இட்டு, ஒவ்வொன்றுக்கும் 'செய்தவர் யார்?' என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை கிடைக்காத வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடம் இதைவிட நன்றாக மனத்தில் நிற்க வழி எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களுக்கு மூன்று குறிப்புகள்.

ஒன்று. கருத்துணர்தல் பகுதியில் 'ஆசிரியரின் நோக்கம் யாது?' என்று கேட்டால், பனுவல் யாருக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். ஒரே நிறுவனம் இரண்டு பேருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் எப்படி வேறுபட்டன என்று பார்த்தோம்.

இரண்டு. வாதக் கட்டுரையில் 'நிறுவனங்கள் மக்களை ஏமாற்றுகின்றன' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த நிறுவனம், எந்த ஆண்டு, என்ன செய்தது, அதற்கு என்ன ஆனது என்று ஒரு சான்றாவது தாருங்கள். எதிர்த்தரப்பு நியாயத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். மின்கலம் மூப்படைவது உண்மை என்று ஒப்புக்கொண்ட பிறகு வைக்கும் குற்றச்சாட்டுக்குத்தான் பலம் அதிகம்.

மூன்று. புகார்க் கடிதம் எழுதும்போது நீங்களே எழுவாயை மறைத்துவிடாதீர்கள். 'கணினி கொடுக்கப்பட்டது, பழுது நீக்கப்படவில்லை, ஏமாற்றம் அளிக்கப்பட்டது' என்று எழுதினால் அந்தச் சீட்டின் மொழியையே நீங்களும் பேசுகிறீர்கள். 'மார்ச் 3ஆம் நாள் உங்கள் சேவை மையத்தில் என் கணினியைக் கொடுத்தேன். உங்கள் பணியாளர் காரணம் எதுவும் குறிப்பிடாமல் திருப்பித் தந்தார். விசைப்பலகையை மாற்றித் தருமாறு, அல்லது மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுங்கள். யார், எப்போது, என்ன செய்தார், எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் போதும்.

அடுத்த முறை உங்கள் போன் திரையில் நீளமான அறிவிப்பு ஒன்று வரும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும் முன் ஒரே ஒரு வாக்கியத்தையாவது நின்று படியுங்கள். அங்கே இருப்பது 'ஆகு'வா 'ஆக்கு'வா என்று பாருங்கள்.

உங்கள் வகுப்பில் கிடைத்த வாக்கியங்களை இந்த மடலுக்கு அனுப்பி வையுங்கள், எல்லாரும் படிக்கலாம்.